மாண்டிசோரியில் 4 வயதாகியும் எழுத்து வரவில்லையா? நோட்டை மூடி வையுங்கள்

வணக்கம். மகள் ஐந்து மாதமாக மாண்டிசோரி (குழந்தை தானே பொருளைத் தேர்ந்தெடுத்து, கையால் செய்து கற்கும் முறை) வகுப்புக்குப் போகிறாள், ஒரு எழுத்துகூட எழுதவில்லை, வீட்டில் நோட்டு எடுத்தாலே அழுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள்.

நோட்டை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நான்கு வயதில் பல குழந்தைகளுக்கு விரல் இன்னும் உறுதிப்படவில்லை. கட்டாயப்படுத்தினால் பென்சிலை முஷ்டியாகப் பிடிப்பார்கள், அந்தப் பிடி பிறகு மாறுவது கடினம். வகுப்பில் குமிழ் உள்ள மர உருளைகளை மூன்று விரலால் தூக்கிப் பொருத்துகிறாளே, எழுதுவதற்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டுமென்றால்: நைஸ் உப்புத்தாளில் 8 செ.மீ. உயர எழுத்துகள் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே மெதுவாகத் தடவிக் காட்டி, ஒலியை மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு இரண்டே எழுத்து. ப, ம இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள், உருவம் நெருக்கம். ட, ல நல்ல ஜோடி. முதலில் "இது ட". பிறகு "ட எங்கே, காட்டு". அது தடுமாறாமல் வந்த பிறகுதான் "இது என்ன?". தவறினால் திருத்தாமல் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பெற்றோர் அவசரப்படுவது இந்த மூன்றாவது கேள்வியில்தான். அடுத்து, தட்டில் அரை செ.மீ. ரவை பரப்பி விரலால் எழுதட்டும்.

எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் "எப்போது எழுதுவாள்?" என்பதைவிட, "இந்த வாரம் அவளாக எதை எடுத்தாள், எவ்வளவு நேரம் செய்தாள்?" என்று கேளுங்கள். கவனித்துக் குறித்துவைப்பது அவர்கள் வேலை. அதற்கே பதில் இல்லையென்றால்தான் பள்ளியைப் பற்றி யோசிக்க வேண்டும்.