முதல் ஸ்பீக்கர் பெட்டியை வீட்டிலேயே செய்ய என்னென்ன மரவேலைச் சாமான்கள் வாங்க வேண்டும்?

கேட்டவரிடம் 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டார். பெட்டியைத் தானே செய்யப் போகிறார், டேபிள் சா, அதாவது மேசையில் வட்ட ரம்பம் பொருத்திய மெஷின், வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். பதில் அவ்வளவுதான். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம். அப்படி ஒரு டேபிள் சா என் வீட்டுக் குசினிக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது. அதன் மேல் என் மனைவி துணிக்கூடையை வைத்திருக்கிறார்.

நான் தச்சன் இல்லை. ஜொகூரில் லாபிஸ் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் 23 வருடமாக ஃபிட்டர். ஷாஃப்டும் பேரிங்கும்தான் என் பிழைப்பு. கால் மில்லிமீட்டர் தவறினால் மெஷின் கத்தியே காட்டிக்கொடுத்துவிடும். "அளக்கத் தெரிந்தவனுக்கு மரம் என்ன, இரும்பு என்ன" என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரில்தான் 680 வெள்ளி கொடுத்து இணையத்தில் டேபிள் சா வாங்கினேன். உங்கள் மொத்த பட்ஜெட்டை விட அதிகம்.

வந்து இறங்கிய அன்றே தெரிந்துவிட்டது. பலகையைச் சாய்க்காமல் தள்ள உதவும் அந்தப் பக்கக் கம்பி இருக்கிறதே, அது முன்னால் இறுக்கினால் பின்னால் நகர்கிறது, பின்னால் இறுக்கினால் முன்னால் நகர்கிறது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஃபிட்டர் ஆயிற்றே, சரி செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பலகையை அறுக்கும்போது பின்பக்கம் பிளேடைக் கவ்வி, துண்டு ஒன்று எகிறிப் பறந்து பக்கத்து வீட்டு தகரத்தில் பட்டது. பள்ளம் இன்னும் இருக்கிறது. என் வயிற்றுக்கு ஒரு சாண் பக்கத்தில் போன துண்டு அது. இருபது வெள்ளிக் கம்பி அசைவதற்குக் குடலையா கொடுப்பது?

சரி, அது மெஷினின் குறை. அடுத்தது முழுக்க என் குறை.

ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று அந்த ஸ்பீக்கரின் குணத்தைச் சொல்லும் எண்கள் போட்டிருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961ல் தொடங்கி, ஸ்மால் என்பவர் 1970களில் விரித்து எழுதிய கணக்குமுறை அது. அந்த எண்களைப் போட்டால் பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்று வந்துவிடும். என்னுடையதற்கு, முழுக்க மூடிய பெட்டி என்றால், 12 லிட்டர் வந்தது. 20 சென்டி அகலம், 30 உயரம், 20 ஆழம். பெருக்கிப் பாருங்கள், சரியாக 12 லிட்டர். நான் வெளி அளவை 20, 30, 20 என்று வைத்து அறுத்துவிட்டேன். பலகை 18 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 3.6 சென்டி போய்விடும். உள்ளே மிஞ்சியது 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. தபேலா கேட்க உட்கார்ந்தவனுக்குத் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி ஒரு "டொம்". 23 வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த கை!

இதைப் படித்துவிட்டு "இதுகூடத் தெரியாதா" என்று ஒருவர் கீழே எழுதப் போகிறார். தெரியும் ஐயா. தெரிந்தும்தான் செய்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆச்சாரி மாமா என்று ஒருவர் இருந்தார். மூவாரில் நாற்காலி மேசைத் தொழிற்சாலைகளில் பல வருடம் வேலை செய்துவிட்டு மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். மாலையில் கைலியோடு நடந்து போவார். என் பெட்டியைப் பார்த்து நின்றார்.

"என்னப்பா, புறாக்கூடா?"

"ஸ்பீக்கர் பெட்டி மாமா."

உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையில் என் விரல் நகம் நுழைகிற சந்து. "இந்த மூலைமட்டம் எங்க வாங்குன?" என்றார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆறு வெள்ளிக்கு வாங்கினேன் என்றேன். மட்டத்தை வாங்கி, ஒரு நேரான பலகை விளிம்பில் ஒட்ட வைத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். அப்புறம் மட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி, கோட்டின் அடியிலேயே வைத்து இன்னொரு கோடு போட்டார். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். என்னுடையது கீழே சேர்ந்து மேலே போகப் போகப் பிரிந்தது, நண்டுக்கொடுக்கு மாதிரி. "இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பாதிதான் உன் மட்டத்தோட கோணல்" என்றார். ஆலையில் இதே மாதிரி திருப்பி வைத்து லெவல் பார்க்கிறவன் நான். மரத்துக்கு வந்ததும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது நல்ல மூலைமட்டம். கடையிலேயே சோதியுங்கள். நான் அடுத்த வாரம் ஹார்ட்வேர் கடைக்குப் போய் மூன்று மட்டங்களை எடுத்து, பிளைவுட் விளிம்பில் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். கடை முதலாளி தவுக்கே கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, வாங்குறியா, பாடம் நடத்துறியா?" என்றார். மூன்றாவது சரியாக இருந்தது. 28 வெள்ளி.

அந்தத் தவுக்கேயிடம்தான் பெரிய பாடமும் கற்றேன். அவர் கடைக்குப் பின்னால் சுவரில் நிறுத்திய பெரிய பலகை அறுக்கும் மெஷின் இருக்கிறது. நாலுக்கு எட்டு அடி எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), 18 மில்லிமீட்டர், ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டு வந்து தனியாளாக டேபிள் சாவில் தள்ளுவது முட்டாள்தனம். அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு வெட்டுக்கு இரண்டு வெள்ளி, நான் வாழ்நாளில் வெட்ட முடியாத நேரில் வெட்டித் தருகிறார். உங்கள் ஊரிலும் பலகை விற்கிற கடைகளில் விசாரியுங்கள்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் சொல்ல மறக்காதீர்கள். ஒரே அகலம் வர வேண்டிய பலகைகளை எல்லாம் ஒரே செட்டிங்கில், மெஷினை நகர்த்தாமல் வெட்டச் சொல்லுங்கள். பலகை முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே வெட்டினால், ரம்பம் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும். பலகைகள் அளவை விடக் குட்டையாக வரும். அதே 12 லிட்டருக்கு நான் இரண்டாம் முறை கொடுத்த அளவு: முன்பக்கமும் பின்பக்கமும் 23.6க்கு 33.6 சென்டி, இரண்டு பக்கப் பலகை 20க்கு 33.6, மேலும் கீழும் 20க்கு 20. ஒரு பெட்டிக்கு ஆறு பலகை, ஜோடிக்குப் பன்னிரண்டு. உங்கள் ஸ்பீக்கருக்கு வேறு லிட்டர் வரலாம், இதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

வெட்டு கடையில் முடிந்துவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? ஒட்டுவது, ஓட்டை போடுவது. ஒட்டுவதற்குப் பணத்தை ஒளிக்காமல் கிளாம்ப், அதாவது பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி, வாங்குங்கள். ஆறு வேண்டும். குறைந்தது 12 அங்குலம் திறக்கிறது. எங்கள் ஊரில் ஒன்று 14 வெள்ளி. ஸ்குரூ போட்டால் போதாதா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். எம்டிஎஃப் விளிம்பில் ஸ்குரூ இறக்கினால் புத்தகம் மாதிரிப் பிளந்துகொள்ளும். முதலில் சின்ன துளை போட்டு, ஓரத்திலிருந்து தள்ளி இறக்கினால்தான் தாங்கும். வெள்ளை மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு இரவு விட்டால் ஸ்குரூவே தேவையில்லை. இறுக்கியவுடன் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி நேர். இல்லையென்றால் நீளமாக இருக்கிற குறுக்கின் இரண்டு மூலைகளையும் மெல்ல உள்பக்கமாக அழுத்துங்கள், பசை காய்வதற்குள்.

வட்ட ஓட்டைக்கு எல்லோரும் ரூட்டர், அதாவது சுழலும் கத்தியால் மரத்தைக் குடையும் மெஷின், வாங்கச் சொல்வார்கள். (இணையத்தில் அந்தப் பெயரில் தேடினால் வைஃபை பெட்டிதான் வரும், அது வேறு கதை.) நல்ல சாமான்தான், வட்டம் கத்தியால் வெண்ணெய் வெட்டிய மாதிரி வரும். ஆனால் இரண்டே இரண்டு ஓட்டைக்கு 500 வெள்ளிக்காரர் அதை வாங்க வேண்டாம். மேலும் கீழும் ஆடும் சின்ன பிளேடு வைத்த ஒரு ஜிக்சா போதும், 125 வெள்ளி. கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டுங்கள், பிளேடு முன்னும் பின்னும் ஆடுகிற விசையை அணைத்துவிடுங்கள், அவசரப்படாதீர்கள். தடித்த பலகையில் அவசரப்பட்டால் பிளேடு கீழே வளைந்து, மேலே வட்டமும் கீழே கோழிமுட்டையும் வரும். மிச்சத்தை அரத்தால் ராவிக்கொள்ளலாம். ஆறரை அங்குலம் என்று போட்டிருப்பதை நம்பி அந்த அளவுக்கு ஓட்டை போட்டீர்களானால் ஸ்பீக்கர் உள்ளே விழுந்துவிடும். தாளில் வெட்டு விட்டம் என்று தனியாக ஒரு அளவு இருக்கும், அதுதான் கணக்கு.

டிரில் 140, பசை 18, முகமூடி, உப்புத்தாள், அரம் எல்லாம் சேர்த்து 45. மட்டமும் கிளாம்பும் ஜிக்சாவும் கூட்டினால் 440. மிச்சம் 60ஐ வெட்டுக்கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்குத் தனியாகப் பணம் வேண்டும். இதெல்லாம் நான் வாங்கிய விலை, இப்போது ஏறியிருக்கலாம். முகமூடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி, பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. நான் முகமூடி இல்லாமல் அறுத்த அன்று இரவு முழுக்க இருமல். கொடியில் காய்ந்த சீருடை எல்லாம் சந்தன நிறம். என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

"எம்டிஎஃப்ஆ? நல்ல மரத்தில் செய்யக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அப்பா 30 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மரத்துக்கு 25, 30 வயதானால் பால் குறையும், சாய்த்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அந்த மரம் விறகு, அவ்வளவுதான். வெட்டிப்போட்ட சில நாளிலேயே பூசணம் பிடித்து நீலமாகும், வண்டு துளைத்துவிடும். இன்றைக்கு அதையே மருந்தேற்றிப் பதப்படுத்தி நாற்காலி மேசையாக ஏற்றுமதி செய்கிறார்கள். நம் நாட்டு எம்டிஎஃப்க்கும் ரப்பர் மரம்தான் முக்கியமான சரக்கு. ஆகவே நான் "நல்ல மரத்தில்"தான் செய்தேன், அப்பா வெட்டிய மரத்தில். முழுப் பலகை என்றால் நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஊதிச் சுருங்கி ஒட்டு விட்டுப்போகும். எம்டிஎஃப்க்கும் தண்ணீர் ஆகாது. விளிம்பில் தண்ணீர் கலந்த பசையை ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, அதற்கு மேல் பெயின்ட் அடியுங்கள்.

முடித்ததும் காற்று கசிகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் கோனை, அதாவது நடுவில் அதிர்கிற கூம்பை, இரண்டு விரலால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் நிதானமாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கேயோ சந்து. ஒரு ஊதுபத்தி கொளுத்தி, தாழ்ந்த சத்தத்தை ஓடவிட்டு, மூலை மூலையாகக் காட்டுங்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே பசை வையுங்கள். இது ஆச்சாரி மாமாவுக்குத் தெரியாது, இது என் கண்டுபிடிப்பு. சாமி மேடையிலிருந்து எடுத்த ஊதுபத்தி.

இரண்டாவது ஜோடி நன்றாக வந்தது. அதை எங்கள் கோயிலில் பஜனைக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், கூடவே 300 வெள்ளியும். திருவிழா அன்று என் பெட்டியை மடப்பள்ளியில் அரிசி மூட்டை பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஆள் உயரப் பெட்டிகளை லோரியில் கொண்டு வந்தார்கள். மைக்கில் நன்கொடை வாசித்தார்கள். என் 300 வெள்ளி என் மச்சான் பெயரில் போனது. அவன் கொடுத்தது 20. குழாய் ஸ்பீக்கரில் தோட்டம் முழுக்கக் கேட்டது. அவன் எழுந்து கைகூப்பி வேறு காட்டினான். திருத்தி வாசியுங்கள் என்று சொன்னதற்கு, "சாமிக்குத் தெரியும்ண்ணே" என்கிறார் செயலாளர். சாமிக்குத் தெரிந்தால் மைக் எதற்கு? இது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, ஒரு விஷயம். கிளாம்ப் விலையைப் பார்த்துவிட்டு, யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்று தோன்றும். என்னைக் கேட்டு எழுதாதீர்கள். என் ஆறில் நாலு கோயிலில் இருக்கிறது, பந்தல் துணியைப் பிடிக்க வாங்கிப் போனது. இரண்டு வருடமாகிறது. போன வாரம்கூடப் பார்த்தேன், இன்னும் பந்தலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.