லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்க அச்சிலேயே வழி உண்டா?

கேள்வி: இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறை) அக்ரிலிக் கேமரா லென்ஸ் தயாரிக்கிறோம். பிரதிபலிப்பு அதிகம் என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார். வெளியில் கொடுத்துப் பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் போட்டால், சில வாரங்களில் மயிரிழை விரிசல் விடுகிறது. அச்சிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எந்தப் பரப்புக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு லென்ஸை டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் இரண்டு தெரியும்: ஒன்று முன்பரப்பில் பட்டுத் திரும்புவது, இன்னொன்று பின்பரப்பில். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. எனவே ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். நான்கு லென்ஸ் அடுக்கினால் கால் பங்குக்கு மேல் ஒளி போய்விடும். அப்படித் திரும்பியதில் ஒரு பகுதி மறுபடி சென்சாரில் விழுந்து போலிப் பிம்பம் காட்டும். எனக்கு இதுதான் பெரிய தொல்லையாகப் படுகிறது.

அச்சு வழி, அந்துப்பூச்சியின் கண்ணிலிருந்து கற்றது. அந்தக் கண்ணின் மேல் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய மேடுகள் நெருக்கமாக இருக்கும். காற்றிலிருந்து உள்ளே போகும் ஒளிக்கு எல்லைக்கோடு திடீரென்று வராததால், அது திரும்புவதும் மிகக் குறைவு. கிளாபம், ஹட்லி என்ற ஆய்வாளர்கள் 1973-லேயே இதைச் செயற்கைப் பரப்பில் செய்துகாட்டினார்கள். இன்று 200–300 நானோமீட்டர் இடைவெளியில் இந்த வடிவத்தை நிக்கல் இன்சர்ட்டில் (அச்சுக்குள் பொருத்தும் தனித் துண்டு) எடுத்து அச்சில் பொருத்தலாம். சிக்கல் வெப்பத்தில் வரும். அச்சுப் பரப்பு குளிர்ந்திருந்தால் அக்ரிலிக் பட்டவுடன் உறைந்து, நுண்குழிகளுக்குள் இறங்காது. உருகிய அக்ரிலிக்கைச் செலுத்தும்போது அச்சுப் பரப்பைச் சுமார் 105 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பிறகு குளிர்விக்க வேண்டும். ஒரு லென்ஸ் வார்த்து எடுக்கும் சுழற்சி நேரம் நீளும். விரல் எண்ணெய் பட்டால் மேடுகளின் இடைவெளி அடைபடும், துடைத்தால் மேடுகள் நசுங்கும். ஆகவே உள்பக்கப் பரப்புகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

கை படும் வெளிப்பரப்புக்குக் கோட்டிங்தான். கண்ணாடிக்கு மெக்னீசியம் ஃபுளோரைடை 300 டிகிரி அளவில் சூடாக்கிப் பூசுவார்கள். அந்தச் சூட்டை அக்ரிலிக் தாங்காது. அயனி உதவியுடன் (பூசும்போதே அயனிக் கற்றையால் படலத்தை இறுக்கும் முறை) குறைந்த வெப்பத்தில் பூசுபவரிடம் கொடுங்கள். அக்ரிலிக் ஈரம் குடிக்கும், சூட்டில் கோட்டிங்கைவிடப் பல மடங்கு விரியும். அதனால் லென்ஸை நன்கு உலர்த்தி அனுப்புங்கள். அச்சில் சிலிகான் ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்துங்கள், பூச்சு ஒட்டாது.

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று லூப்பில் (சிறிய உருப்பெருக்கி) பாருங்கள். கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கத்திலிருந்து கிளம்பினால், வார்ப்பில் தங்கிய இழுவிசையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அந்த இழுவிசை தளர, சில லென்ஸ்களை 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டு, வடிவம் மாறவில்லை என்று அளந்தபின் கோட்டிங்குக்கு அனுப்பிப் பாருங்கள்.