மண்புழு சாகவில்லை என்றால் அந்த ரசாயனம் மண்ணுக்குப் பாதுகாப்பானதா?

இல்லை. 14 நாள் சோதனையில் புழு பிழைத்தது என்பது பாதிக் கதைதான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 1984-இல் வெளியிட்ட 207-ஆம் சோதனை வழிகாட்டியின்படி, மணல் 70, கயோலின் களிமண் 20, பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) 10 சதவீதம் சேர்ந்த செயற்கை மண்ணில் ரசாயனத்தைப் பல செறிவுகளில் கலந்து, வளர்ந்த புழுக்களை விடுவார்கள். 7-ஆம், 14-ஆம் நாள்களில் தலைப்பக்கத்தை மெல்லத் தொடுவார்கள். அசையாவிட்டால் இறந்ததாகக் கணக்கு. பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவு இப்படித்தான் கிடைக்கிறது.

ஆனால் உயிரோடிருக்கும் புழு இனம் பெருக்காமல் போகலாம். அதனால் இனப்பெருக்கத்தைச் சோதிக்கும் ஓஇசிடியின் 222-ஆம் வழிகாட்டியையே நான் பெரிதாக மதிக்கிறேன். 28 நாள் கழித்து வளர்ந்த புழுக்களை அகற்றிவிட்டு, முட்டைக்கூடுகளை மேலும் 28 நாள் அதே மண்ணில் விட்டுவைத்து, வெளிவந்த குஞ்சுகளை எண்ணுகிறார்கள். சாவே நிகழாத செறிவிலும் குஞ்சுகள் வெகுவாகக் குறைந்துபோவதுண்டு. அறிக்கையில் 14 நாள் முடிவு மட்டும் இருந்தால், இனப்பெருக்கச் சோதனை முடிவையும் கட்டாயம் கேளுங்கள்.