கால்சியம் டப்பாவுக்குள் தைராய்டு மாத்திரை

*"அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, என் மூத்த மகளுக்குத் தைராய்டு குறைவு. காலேஜ் இரண்டாம் வருடத்திலேயே தெரிந்து, 50 மைக்ரோகிராம் மாத்திரை போட்டு நன்றாகத்தான் இருந்தாள். போன தை மாதம் கல்யாணம். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். ஆடிக்கு வந்தவளைப் பார்த்தால் முகம் ஊதியிருக்கிறது, குரல் கனத்துவிட்டது, பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாள், கை கால் ஜில்லென்று இருக்கிறது, மலச்சிக்கல் வேறு. இங்கே தெரிந்த லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். டி.எஸ்.எச். 14.6. தைராய்டு இவ்வளவு ஏறியதற்கு முட்டைக்கோஸ் காரணமா? அவர்கள் வீட்டில் அடிக்கடி செய்வார்களாம். மாத்திரையின் பவரைக் கூட்டலாமா, நாட்டு மருந்துக்கு மாறலாமா? சம்பந்தி அம்மா தங்கமானவர். மூட்டு வலியோடு நடமாடினாலும், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பால் காய்ச்சி, மாத்திரையையும் தானே எடுத்துக் கொடுப்பார். (வரன் பேசும்போது இந்த விஷயத்தைச் சொல்லவில்லை. அதனால் மாத்திரையைப் பழைய கால்சியம் டப்பாவில் மாற்றிக் கொடுத்தனுப்பினேன். மாப்பிள்ளைக்கும் தெரியாது. அங்கே டாக்டரிடம் போனபோது சம்பந்தி அம்மா பக்கத்தில் இருந்ததால், எந்த மாத்திரையும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.) இளையவளுக்கும் வரன் பார்க்கிறோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள், நான் சொன்னது ஒன்றுதான். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்." — ஒரு தாய், ஈரோடு மாவட்டம்*

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை, அம்மா. உங்களுக்கு நிம்மதி கொடுத்தால் இன்னும் ஒரு வாரம் சும்மா இருப்பீர்கள். இப்போது உங்கள் மகளுக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

முட்டைக்கோஸைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருப்பீர்கள். கால்சியம் டப்பாவை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் தாண்டிவிட்டீர்கள். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

அந்த மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மிளகை நசுக்கி வைத்த அளவுதான் இருக்கும். அதில் 50 மைக்ரோகிராம் மருந்து. கால்சியம் மாத்திரையில் சாதாரணமாக 500 மில்லிகிராம், அதாவது பத்தாயிரம் மடங்கு. இவ்வளவு சின்ன அளவில் உள்ள மருந்து ஒழுங்காக உடம்பில் சேர வேண்டுமென்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரோடு போட்டு, முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டிபனோ சாப்பிட வேண்டும். பாலில் இருக்கிற கால்சியம் குடலில் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. சாப்பாடு வயிற்றில் இருந்தால் அதுவும் தடைதான்.

இப்போது உங்கள் சம்பந்தி வீட்டு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மூட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு ஒரு அம்மா அடுப்படியில் நின்று பால் ஆற்றுகிறார். டப்பாவில் கால்சியம் என்று போட்டிருக்கிறது. சாப்பிட்ட பிறகு பாலோடு கொடுப்பதுதான் நல்லது என்று நம்புகிறார். மருமகள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து, டம்ளரையும் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். ஆறு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த அம்மா பாசத்தோடு செய்யும் காரியமே மருந்தை வீணாக்குகிறது. அது அவருக்குத் தெரியாது. தெரியாதபடி செய்தது நீங்கள். தங்கமானவர் என்று நீங்களே எழுதுகிறீர்களே, தங்கமான ஒரு மனுஷியின் கையை இப்படியா பயன்படுத்துவது?

இன்னொன்றும் கேட்கிறேன். மூட்டு வலிக்காரர் இருக்கிற வீட்டில் கால்சியம் என்று பெயர் ஒட்டிய டப்பாவை வைத்துவிட்டு எப்படித் தூங்குகிறீர்கள்? "நானும் ரெண்டு போட்டுக்கறேனே கண்ணு" என்று அவர் ஒரு நாள் சொல்லமாட்டாரா? தேவையில்லாத உடம்பில், அதுவும் வயதான இதயத்தில் இந்த மருந்து போய்ச் சேர்ந்தால் படபடப்பு வரும், துடிப்பு தாறுமாறாகும், அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே வரும். மகளின் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் சம்பந்தியின் நெஞ்சில் போய் நிற்கும். டாக்டர் நான்காம் மாதத்தில் நிஜமான கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதுவார். "கால்சியம்தான் வீட்டில் இருக்கே" என்று உங்கள் சம்பந்தி வாங்காமலே விட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

14.6 என்றதும் தைராய்டு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டீர்கள். படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைக் கூப்பிடும் குரல் அது. தெருக்கோடியில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறோம். பதில் வராவிட்டால் குரல் ஏறும் அல்லவா? அப்படித்தான். குரல் 14.6 வரை ஏறியிருக்கிறது என்றால், உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். கர்ப்பிணிக்கு, அதுவும் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு, நாங்கள் 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம்.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருபது கிராம் எடையில் ஒட்டிக்கொண்டிருக்கிற சுரப்பிதான் தைராய்டு. நாம் உப்பில் சாப்பிடும் அயோடினை எடுத்து டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. பெரும்பாலும் டி4-தான். கல்லீரலும் மற்ற உறுப்புகளும் அதை டி3 ஆக மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்த டி3. அது குறைந்தால் உடம்பு சூடு உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும், கை கால் ஜில்லிடும். குடல் மெதுவாக நகரும், மலம் இறுகும். இதயம் நிதானமாகத் துடிக்கும், யோசனை மந்தமாகும். தோலுக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒருவகைப் பொருள் சேர்ந்துகொள்வதால் முகம் ஊதும். குரல் நாணிலும் அது சேர்வதால்தான் உங்கள் மகளின் குரல் கனத்திருக்கிறது. முடி கொட்டுவது, மாதவிலக்கு அதிகமாகப் போவது, கெட்ட கொழுப்பு ஏறுவது எல்லாம் இந்தக் குறைவோடு வருபவைதான்.

பகலில் படுத்துக் கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே அவளைச் சோம்பேறி என்று யாராவது நினைத்தால் அவளால் என்ன சொல்ல முடியும்? உண்மையான காரணத்தைச் சொல்லும் வாயை நீங்கள்தான் கட்டிவிட்டீர்கள்.

இனி நீங்கள் பயந்து கேட்ட கேள்விக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் சிசுவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை தொடங்கவே பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். போதுமான அளவு தானே சுரக்கக் கர்ப்பத்தின் பாதிக் காலம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்வதற்குத் தேவையான டி4 தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். அதனால்தான் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே தாயின் தேவை கூட ஆரம்பிக்கிறது. முன்பே மாத்திரை எடுப்பவர்களுக்கு டோஸை 25-லிருந்து 50 சதவீதம் வரை கூட்ட வேண்டி வரும். உங்கள் மகளுக்குத் தேவை ஏறுகிற நேரத்தில் வரத்து குறைந்திருக்கிறது.

1999-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கர்ப்பக் காலத்தில் தைராய்டு குறைந்திருந்தும் சிகிச்சை எடுக்காத தாய்மார்களின் பிள்ளைகளை ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் சோதித்துப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் அளவு சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடும். உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ இதெல்லாம் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஏழாம் வாரம்தான் ஆகிறது, சரிசெய்ய நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தை முட்டைக்கோஸ் விசாரிப்பதில் செலவழிக்கக் கூடாது. (வேகவைத்து நாம் சாப்பிடுகிற அளவுக்கு முட்டைக்கோஸ் ஒன்றும் செய்யாது. அயோடின் உப்பைப் போட்டுப் பொரியல் செய்யட்டும், சாப்பிடட்டும்.) நாட்டு மருந்துக்கு மாறுவதைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

நாளைக் காலையிலேயே மகளை அங்கே பார்க்கும் டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு அனுப்புங்கள். கல்லூரி நாளிலிருந்து மாத்திரை எடுப்பது, ஆறு மாதமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு எடுத்தது, இரண்டையும் ஒளிக்காமல் சொல்லட்டும். பவரை எவ்வளவு கூட்டுவது என்று அவர் முடிவு செய்வார், நீங்கள் வேண்டாம். மருந்து உடம்பில் சேராததால் எவ்வளவு ஏறியது, கர்ப்பத்தால் எவ்வளவு ஏறியது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது அவர். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், முப்பதாவது வாரத்தையொட்டி மறுபடி ஒருமுறை. காலை வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தண்ணீரோடு போடலாமா என்று டாக்டரிடம் கேட்கட்டும். இரும்பு, கால்சியம் தொடங்கினால் இதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்கு வருவார்கள், ஆறாவது வாரம் ரத்தம் பார்ப்பார்கள். குழந்தை பிறந்த இரண்டு, மூன்று நாளில் அதன் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் குழந்தைக்குமே அது வேண்டும்.

இவ்வளவும் டாக்டராகச் சொன்னேன். இனி ஒரு குடும்பப் பெண்ணாகச் சொல்கிறேன்.

அந்தப் பழமொழியை என்னிடம் கொண்டு வராதீர்கள். நீங்கள் சொன்ன பொய்யும் ஒன்று அல்ல. வரன் பேசும்போது ஒன்று, டப்பாவில் ஒன்று, டாக்டர் முன்னால் ஒன்று, புருஷனிடம் தினம் ஒன்று. முதல் பொய்யை நீங்கள் சொன்னீர்கள், மிச்சத்தை எல்லாம் இருபத்து சொச்ச வயதுப் பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பது வருடம் பிரசவ வார்டில் இருந்தவள் நான். மாமியார் நகர்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு "டாக்டர், எனக்கு ஒண்ணு இருக்கு, வெளியே சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுத்த பெண்களை எண்ணி முடியாது. அந்தக் கைகள் எவ்வளவு வியர்த்திருக்கும் தெரியுமா? பெற்றவர்கள் செய்ததற்குப் பெண்கள் வியர்க்கிறார்கள்.

அப்படி என்ன பெரிய வியாதி இது? பெரும்பாலும் நம் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய்த் தைராய்டைத் தாக்குவதால் வருகிறது. 1912-ல் ஹஷிமோட்டோ என்கிற ஜப்பானிய டாக்டர் இதை விவரித்தார், அதனால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 'வாழ்நாள் முழுக்க மாத்திரை' என்றால் வரன் தட்டிப்போகும் என்று பயந்திருப்பீர்கள். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்கிற டாக்டர், தைராய்டு குறைந்து உடம்பெல்லாம் ஊதிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாறை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருடம் இருந்தார். ஆட்டுச் சாறு கொடுத்த வாழ்வையே பார்த்தீர்களா? இன்று மிளகளவு மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பெண் படிப்பாள், வேலைக்குப் போவாள், பிள்ளை பெறுவாள், பாலும் கொடுப்பாள். இதைச் சொல்லி ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தால், நல்லவேளை போனது என்று இருந்திருக்க வேண்டும்.

இளையவளுக்காக மறைக்கிறேன் என்கிறீர்கள். இது குடும்பத்தில் வரக்கூடிய கோளாறு. முதலில் அவளுக்கும் ஒரு டி.எஸ்.எச். பாருங்கள், உங்களுக்கும் பாருங்கள். இருந்தால் வரன் வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்.

சம்பந்தி வீட்டில் உண்மையைச் சொல்லும் வேலையை மகள் தலையில் கட்டாதீர்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் அவளே இன்று ராத்திரி சொல்லட்டும், அது அவர்கள் இருவருக்குள் நடக்க வேண்டியது. சம்பந்தி அம்மாவிடம் நீங்கள் போக வேண்டும். போனில் வேண்டாம். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கடையில் வாங்கிய டப்பாவை, பெயர் தெரிகிற டப்பாவை, பிரிக்காமல் கொண்டுபோங்கள். வெளிச்சமும் ஈரமும் படாமல் இருக்கத்தான் கம்பெனிக்காரன் அதற்கென்று ஒரு டப்பா கொடுக்கிறான். அடுப்புச் சூடு படாத அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அதை வையுங்கள். "நான்தான் மறைத்தேன், பிள்ளை மேல் தப்பில்லை" என்று தொடங்குங்கள். அவர் கோபப்படலாம், அழலாம், ரெண்டு நாள் உங்களோடு பேசாமல் இருக்கலாம். அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். ஆறு மாதம் ராத்திரி தவறாமல் பால் ஆற்றிக் கொடுத்த கை, விஷயம் தெரிந்தால் விடிகாலையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்காதா?

கால்சியம் டப்பாவை அவர் முன்னாலேயே காலி செய்துவிட்டு வாருங்கள். நான்கு வாரம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.