முதலில் படி எடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் சோழர் காலச் சிவன் கோயிலில் திருப்பணி நடக்கிறது. சுவர்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, பிராகாரம் முழுக்கச் சிமென்ட் தளம் போட்டு, மேலே கிரானைட் பதிக்க ஏற்பாடு. ஊரே சந்தோஷமாக இருக்கும்போது நாலு பேர் மட்டும் ‘கல்வெட்டு போச்சு’ என்று முட்டுக்கட்டை போடுகிறார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவியே பழைய செங்கல் கோயில்களை எடுத்துவிட்டுக் கற்றளி (கற்கோயில்) கட்டவில்லையா?

பதில்: கட்டினார். வாதத்துக்குப் பெரிய இடத்து ஆளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். சரி, அந்தக் குடும்பத்துக் கதையையே பார்ப்போம். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவிட்ட ராஜராஜன், சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் படி எடுக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. இப்படிப் பெயர்த்து எழுதிய இடங்களில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’, அதாவது பழைய கல்லில் இருந்ததன் படி, என்று ஒரு வரி சேர்ப்பது அக்கால வழக்கம். உங்கள் திருப்பணிக் குழு, கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படி ஒன்றையாவது எடுத்ததா?

மணல் வீச்சு அழுக்கை மட்டும் தேடிப் பிடித்து எடுக்காது. கல்லின் மேல்தோலையே உரிக்கும். எழுத்து அந்தத் தோலில்தான் இருக்கிறது. இது கூடாதென்று அறநிலையத்துறையே சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன.

சிமென்ட் தளம் இன்னும் மோசம். தரை ஒரு அடி உயர்ந்தால், சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிஷ்டானம் ஒரு அடி புதையும். கல்வெட்டுகள் அதிகம் இருப்பது அங்கேதான், அதன் வரிசைகளான ஜகதியிலும் குமுதத்திலும். மழைத் தண்ணீர் குளத்துக்குப் போன வழி அடைபட்டு, பள்ளமாகிப்போன கருவறையைத் தேடி வரும். சிமென்ட்டுக்கு அடியில் ஆவியாக வழியில்லாத மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். அதோடு ஏறும் உப்பு கல்லைப் பொரிய வைக்கும். அப்புறம் ‘கல் பழசாகிவிட்டது’ என்று இன்னொரு கோட் சிமென்ட்! ஸ்ரீரங்கத்தில் பிற்காலக் கட்டுமானங்களை அகற்றி, அடைபட்ட பழைய வடிகால்களைச் சரிசெய்தார்கள். 2017-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது அந்த வேலைக்குத்தான்.

ஒரு கோயிலில் கல்வெட்டின் நடுவே ஸ்விட்ச் போர்டு பார்த்தேன். ‘சந்திராதித்தவற்’, அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, என்ற சொல்லின் மேல் நாலு திருகாணி. நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடு கொடுத்த ஒருவரின் கல்வெட்டு அது. ‘சாவா மூவாப் பேராடு’, சாகாத, மூப்படையாத ஆடு, என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆடு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

உங்கள் கோயிலிலும் உபயதாரர் பட்டியல் கிரானைட் பலகையில் வரத்தானே போகிறது? அதைப் பதிக்கும் முன், அந்த இடத்தில் ஏற்கெனவே யார் பெயர் இருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.