ஷுல்ஹாஃப் இசையில் ஜாஸ் எங்கே?

செக் இசையமைப்பாளர் எர்வின் ஷுல்ஹாஃபின் மூன்றாவது சிம்பொனியில் ஜாஸே காதில் விழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விழாதுதான். அது 1935இல், அவர் கம்யூனிசத்தின் பக்கம் சாய்ந்த பிறகு எழுதியது. 1930இல் வந்த 'ஹாட் சொனாட்டா'விலிருந்து தொடங்குங்கள். ஆல்டோ சாக்ஸஃபோன், பியானோ மட்டும்தான். மூன்றாம் பகுதியில் சாக்ஸஃபோன் சுரம் சுரமாக வழுக்கிக்கொண்டே புலம்பும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அப்புறம் இரண்டாவது சிம்பொனியின் ஜாஸ் ஸ்கெர்ட்சோ, அதாவது துள்ளலான வேகப் பகுதி.

இவ்வளவு துள்ளலாக எழுதிய பிராக் நகரத்து யூதர், நாஜிகள் காலத்தில் புனைபெயரில் வானொலியில் வாசித்துப் பிழைப்பு நடத்தினார். 1941இல் சோவியத் குடியுரிமை கிடைத்தும் கிளம்புவதற்குள் கைதானார். 1942 ஆகஸ்டில், ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த வ்யூல்ட்ஸ்பர்க் கோட்டை முகாமில் காசநோயால் இறந்தார். வயது 48. எனக்கு இன்னும் ஆறவில்லை.