வாளியில் பால் குடிக்கும் கன்றுக்கு வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: கலப்பினக் கிடேரிக் கன்று, வயது 18 நாள், எடை 38 கிலோ இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து தாயிடம் விடாமல் வாளியில் காலை 2 லிட்டர், மாலை 2 லிட்டர் பால் வைக்கிறோம். ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுகிறது. பிறகு இடப்பக்க வயிறு உப்புகிறது. சாணம் சாம்பல் நிறத்தில் களிமண் போல ஒட்டுகிறது. முடி சிலிர்த்து நிற்கிறது. குடற்புழு மருந்து கொடுத்தும் மாறவில்லை. பாலைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். 38 கிலோ கன்றுக்கு நாளுக்கு 4 லிட்டர் சரியான அளவுதான். பால் தவறான வயிற்றுக்குப் போகிறது, அதுதான் கோளாறு.

மாட்டினத்துக்கு வயிறு நான்கு அறைகள் கொண்டது. இந்த வயதில் அவற்றுள் பாலைச் செரிப்பது நான்காம் வயிறு மட்டுமே. கன்று காம்பைச் சப்பும்போது உணவுக்குழாய் முடியும் இடத்திலுள்ள இரண்டு மடிப்புகள் உதடு மூடுவது போலச் சேர்ந்து குழாயாகிவிடும். பால் பெருவயிற்றுக்குள் (முதல் அறை) விழாமல் நேரே நான்காம் வயிற்றில் இறங்கி, சில நிமிடங்களில் உறைந்து மெதுவாகச் செரிக்கும். ஆறிய பாலை, தலையைத் தாழ்த்தி, அவசரமாக விழுங்கும்போது மடிப்பு சரியாகச் சேராது. பெருவயிற்றில் தேங்கிய பால் புளித்து, வாயுவும் அமிலமும் உண்டாகும். களிமண் சாணம் அதன் அடையாளம். குடித்த கையோடு இடப்பக்க விலாவுக்குப் பின்னால் கைமுட்டியால் குலுக்கிப் பாருங்கள். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். வாளியிலேயே நன்றாக வளரும் கன்றுகள் நிறைய உண்டு. உங்களுடையது அந்த ரகமில்லை. புழு மருந்தை மறுபடி கொடுக்காதீர்கள்.

ரப்பர் காம்பு வைத்த பாட்டிலுக்கோ வாளிக்கோ மாறுங்கள். காம்பு தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ. உயரத்தில், கன்று கழுத்தை நீட்டிச் சப்பும்படி இருக்கட்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக்கூடாது. 2 லிட்டர் குடிக்க ஐந்து நிமிடமாவது ஆக வேண்டும். "சீக்கிரம் முடியட்டும்" என்று ஓட்டையைப் பெரிதாக்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. சப்பும் வேலை குறைவதோடு பால் நுரையீரலுக்குள்ளும் போகலாம். வாயைத் திறந்து புகட்டுவதும் அதே ஆபத்துதான்.

பால் கன்றின் வாய்க்குப் போகும்போது 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கை வைத்துப் பார்ப்பது ஏமாற்றும், தெர்மாமீட்டர் வையுங்கள். பால் பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குவது நல்லது. முதல் நான்கு நாள் ஒரு லிட்டர் வீதம் நான்கு வேளையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் சுத்தமான விரலை ஒரு நிமிடம் சப்பக் கொடுத்துவிட்டுக் காம்பைக் காட்டுங்கள். பால் தீர்ந்த பின்னும் கொஞ்ச நேரம் வெறும் காம்பைச் சப்ப விடுங்கள், மற்ற கன்றுகளின் காதையும் தொப்புளையும் சப்பும் பழக்கம் குறையும்.

தண்ணீர் விஷயம் இதற்கு நேர்மாறு. மாட்டினம் நாயைப் போல நாக்கால் நக்கிக் குடிப்பதில்லை. மூக்குத்துளை வெளியே நிற்க, உதட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி உறிஞ்சும். அப்படிக் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் பெருவயிற்றுக்குப் போகும். அங்கேதான் அது வேண்டும். தண்ணீர் இல்லாமல் அங்கே நுண்ணுயிர் பெருகாது, கன்றுத் தீவனமும் செரிக்காது. பால் போகிறதே என்று தண்ணீரை நிறுத்தினால் கன்று தீவனம் தொடாது. ஆகவே வாளியைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால் குடித்து அரை மணி நேரம் கழித்து வையுங்கள், பாலில் மட்டும் கலக்காதீர்கள்.

மூன்று நான்கு நாளில் உப்புசம் குறையத் தொடங்க வேண்டும். அதற்குள் கன்று சப்ப மறுத்தாலோ, கண் குழிந்தாலோ, காது சில்லிட்டுப் படுத்துவிட்டாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பெருவயிற்றில் புளித்த பாலைக் குழாய் விட்டு வெளியேற்ற வேண்டியிருக்கலாம், அதை நீங்களே முயல வேண்டாம்.